பயில்வானின் பனியன்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை என்று நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதீர்கள். நாங்கள் இருவரும் இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் எழுத வரவில்லை.

போனில் பேசலாமே என்பீர்கள். எங்களுடையது இரண்டே அறை வீடு. சமையலறையில் முணுமுணுத்தால் கூடத்தில் கேட்கும். என் போனை அவர் எடுப்பதும் அவர் போனை நான் எடுப்பதும் பதினேழு வருஷப் பழக்கம். அதனால்தான் சலவைக் கடையில், இஸ்திரி மேசைமேல் வைத்து இதை எழுதுகிறேன். பதிலையும் கடை விலாசத்துக்கே போடுங்கள்.

விஷயம் உங்கள் தம்பியைப் பற்றியது. கண்ணாடிக் கடையில் அவரைப் பயில்வான் என்றுதான் கூப்பிடுவார்கள், உங்களுக்கே தெரியும். ஆளுயரக் கண்ணாடியை ஒற்றை ஆளாக நாலு மாடி ஏற்றி ஜன்னலில் பொருத்துகிறவர். அந்த மனுஷர் ஆறேழு மாதமாகச் சாயந்திரம் வந்ததும் நாற்காலியில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போகிறார். எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறார். ஒருநாள் புதுக் கண்ணாடி ஒன்றைக் கை நழுவ விட்டுவிட்டு வந்தார். இன்னொரு நாள் மகள் விடுதியிலிருந்து போன் செய்து, "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான், கண் கலங்கிவிட்டது. செப்டம்பரிலிருந்து கூடத்தில் தனியாகப் படுக்கிறார். வயசு, வேலைப்பளு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் போன மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்கு, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல், ஷேவ் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "அளவெடுக்க" என்றார். அளவெடுக்கப் போகிறவர் டேப்பை ஆணியிலேயே விட்டுவிட்டா போவார்?

இரண்டு வாரமாக அவர்மேல் ஒரு வாசனை வேறு. பதினொரு வருஷமாக ஊரார் சட்டையை முகர்ந்து கறை எடுக்கிறவள் நான். மது என்றால் தெரியும், சென்ட் என்றால் தெரியும், இன்னொருத்தி பவுடர் என்றாலும் தெரியும். இது ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை.

அவர் அக்காவிடம் எதையும் மறைக்கமாட்டார். உங்களிடம் ஏதாவது சொன்னாரா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி மனைவி


பிப்ரவரி 17

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதுவும் நானும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். மகள் நன்றாகப் படிக்கிறாளா? உனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். இங்கே குளிர் விட்டபாடில்லை.

நீ எழுதியதைப் படித்துச் சிரிப்புத்தான் வந்தது. அவனாவது, இன்னொருத்தியாவது! பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் பேனா கடன் கேட்டதற்கு ஜுரம் வந்து படுத்தவன் அவன். நாற்பத்தாறு வயதில் ஆம்பிளைகள் கொஞ்சம் முறுக்கிக்கொள்வார்கள், பிறகு தானாகச் சரியாகும். அவன் போக்கிலேயே விடு. சட்டை பனியனை அவனே துவைத்துக்கொண்டால் துவைக்கட்டும், உனக்கும் ஒரு வேலை மிச்சம். தோளில் சாய்ந்தால் தள்ளி உட்காருகிறானா, உட்காரட்டும். ஒன்றும் கேட்டு நச்சரிக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் கடிதம் வந்தது யாருக்கும் தெரியாது.

அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அவர் சட்டையை அவரே துவைக்கிறார் என்று நான் எழுதவில்லை. தோளில் சாய்ந்தால் தள்ளி உட்காருகிறார் என்றும் எழுதவில்லை. எழுத வெட்கப்பட்டுத்தான் விட்டிருந்தேன். இரண்டும் உண்மை. அங்கே அத்தனை தூரத்தில் இருக்கும் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? யார் சொன்னது?

சலவைக்காரியின் புருஷன் வீட்டு வாளியில் தன் துணியைத் தானே கசக்குகிறார் என்றால் கேட்கிறவர் சிரிக்கமாட்டார்களா? எதையோ கழுவி மறைக்கிறார். அதனால் அவர் ஊறப்போடுவதற்கு முன்னாலேயே, கழற்றிப் போட்ட பனியனை எடுத்து வைத்துக்கொள்கிறேன். அதே மாதிரி இன்னொன்றை வாளியில் போட்டுவிடுவதால் அவருக்குத் தெரியாது. கடைத் துணிக்குக் கட்டுவதுபோலத் தேதிச் சீட்டுக் கட்டி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை எட்டு சேர்ந்துவிட்டது. எட்டிலும் தோள்பட்டையில்தான் அந்த வாசனை. அவள் அங்கேதான் தலை வைக்கிறாளோ என்னவோ.

போன செவ்வாய்க்கிழமை பின்னாலேயே போனேன். கடைத்தெருவில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று, இரண்டாவது மாடி. மாடிப்படியில் நின்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள். இவர் சிரிக்கிறார். வீட்டில் ஆறு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. வியாதி என்றால் என்னிடம் சொல்லாமல் இருப்பாரா? சாதாரணத் தடுமனுக்கே வீட்டை இரண்டாக்குகிறவர். அந்த ஸ்பிரிட் வாசனையும் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டது.

நீங்களும் நர்ஸ், அவளும் அந்த வேலைக்காரிதான். உங்களுக்குத் தெரிந்த பெண்ணா அண்ணி?

பதில் எழுதுவீர்கள் என்று நம்பும்,
தம்பி மனைவி


ஏப்ரல் 4

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதம். ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் லீவு, மூன்று பேர் வேலை என் தலையில்.

அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன். சட்டை துவைப்பது பற்றி ஏதோ பொதுவாக எழுதினேன், நீ அதையே பிடித்துக்கொண்டாய்.

ஒன்று மட்டும் கேள். அந்தப் பனியன்களை வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதே. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு. அவன் வேலை அப்படி, கண்ணாடித் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவனிடமே நேராகக் கேட்டால் என்ன? கேட்டால் சொல்லிவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். நான் சொல்வதைவிட அவன் சொன்னால் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணிக்கு,

கண்ணாடித் தூளாம். அதற்கு எப்போதிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்தது? என் காதில் பூச்சுற்ற வேண்டாம். "அவன் சொன்னால் நல்லது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சொல்ல ஏதோ இருக்கிறது.

கேட்டேன். நேராகவே கேட்டேன். "யாருங்க அவ?" என்றேன். முகத்தில் ஈயாடவில்லை. "எவ?" என்றார். பிறகு எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. மனுஷர் தேறிவிட்டார். சாயந்திரத் தூக்கம் இல்லை. மாடிப்படியில் இரண்டு இரண்டாக ஏறுகிறார். தொப்பை கரைகிறது. ஷேவ் செய்யும்போது ஏதோ பாட்டை முனகுகிறார். கடையில் மறுபடி பெரிய கண்ணாடியெல்லாம் இவர்தான் தூக்குகிறாராம். என்னிடம் மட்டும் அதே இரண்டடி தூரம். கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு தூங்குகிறார். யாருக்காக அண்ணி இந்தத் தேறுதல்?

எனக்குத்தான் உடம்பு கெட்டுப்போயிற்று. நாற்பத்தோரு வயதில் முகமெல்லாம் பரு. முகவாயில் கறுப்பாக முடி முளைக்கிறது, கடைக் குளியலறையில் ஒளிந்துகொண்டு பிடுங்குகிறேன். எல்லாம் கவலைதான்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்தப் பனியன்களைப் பையில் வைத்திருப்பதாக எழுதினேனே, அது பகலில்தான். படுக்கும்போது கடைசியாகச் சேர்ந்ததை நான் போட்டுக்கொள்கிறேன். அவர்மேல் அவ்வளவு கோபம். ஆனாலும் பதினேழு வருஷம் அந்தத் தோளில் படுத்தவள். அது கிடைக்காதபோது இதுவாவது என்று. என் மானம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

தம்பி மனைவி


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

நல்லா இருக்கியா? கால் எப்படி இருக்கு? போனில் பேச வாய் வராத விஷயம் என்பதால் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்கிறேன். காலையில் அந்த ஜெல்லைத் தோளில் தடவி, கை கழுவி, காய்ந்ததும் பனியன். அவள்மேல் படாமல் தள்ளியே இருக்கிறேன். உடம்பில் தெம்பு வந்திருக்கிறது. மூன்றாவது பரிசோதனையில் அளவு ஏறியிருக்கிறது என்று அந்த லேப் பெண் சொன்னபோது சின்னப் பையன் மாதிரி சிரித்துவிட்டேன். இனி அவளிடம் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் இன்னொன்று தெரியவந்தது. அவளுக்குச் சலவைக் கடை விலாசத்தில் கடிதம் வருகிறதாம். வெளிநாட்டுத் தபால்தலையாம். தபால்காரர் என்னிடமே வாய்தவறிச் சொன்னார். நீயென்றால் போன் செய்வாய். வீட்டு விலாசம் இருக்கும்போது எவன் கடைக்கு எழுதுகிறான்? கண்ணாடி முன்னால் நிற்கிறாள், முகத்துக்கு என்னவோ பூசுகிறாள். தொண்டை கட்டின மாதிரி குரலே மாறிப்போய்விட்டது, என்னிடம் பேசப் பிடிக்காமல்தான் அப்படி முனகுகிறாளோ என்னவோ.

எழுதவே கூசுகிறது. சமையலறைக் காலண்டரில் மாதாமாதம் ஒரு புள்ளி வைப்பாள். இரண்டு மாதமாகப் புள்ளி இல்லை. நான் செப்டம்பரிலிருந்து அவளைத் தொடவில்லை. கணக்கு எனக்கும் தெரியும் அக்கா.

ஆம்பிளையாக இல்லாமல் போனதற்கு இதுதான் தண்டனையா? நான் என்ன செய்யட்டும்?

தம்பி


மே 3

தம்பிக்கு,

அந்தக் கடிதங்களை எழுதுகிற "எவன்" நான்தான்.

உன் பெண்டாட்டிக்கு நான்தான் எழுதுகிறேன், அவள் எனக்கு எழுதுகிறாள். உனக்கு இன்னொருத்தி இருக்கிறாளோ என்று பயந்து எழுதுகிறாள். நீ வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாய், நானும் முட்டாள்தனமாக மூடிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வந்திருப்பது நீ நினைக்கிறது இல்லை. உன் மருந்து, உன் பனியன் வழியாக அவளுக்கு ஏறியிருக்கிறது. அவளுக்கு இதே தபாலில் விவரம் எழுதியிருக்கிறேன். உடனே டாக்டரைப் பார்த்து ஜெல்லை மாற்றச் சொல். அவளிடம் மன்னிப்புக் கேட்பதை நான் சொல்லித்தர வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஆம்பிளையாக இல்லாமல் போய்விட்டதாக எழுதியிருக்கிறாய். சர்க்கரை கூடினவன் மனுஷனாக இல்லாமல் போய்விடுகிறானா? இனி அந்த வார்த்தையை எனக்கு எழுதாதே.

அக்கா


மே 3

என் தங்கைக்கு,

இதைப் படிப்பதற்கு முன்னால் வீட்டிலிருக்கிற அவன் பனியன் அத்தனையும் எடுத்துக் கடை மெஷினில் போடு. போட்டுவிட்டு, கையைச் சோப்பால் கழுவிவிட்டு வந்து உட்கார். பிறகு படி.

இன்னொருத்தி கிடையாது. போன வருஷக் கடைசியில் போனில் அவன் குரலைக் கேட்டே எனக்குச் சந்தேகம் வந்தது. சதா அசதி, தூக்கம், எரிச்சல், அழுகை. உன் பக்கம் வர மனசே இல்லை என்று ஒருநாள் தட்டுத்தடுமாறிச் சொன்னான். நான்தான் ரத்தம் பார்க்கச் சொன்னேன். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்று ஒரு ஹார்மோன் உண்டு. அது காலையில்தான் அதிகமாக இருக்கும், அதனால் காலையில் எடுப்பார்கள், ஒருமுறைக்கு இரண்டுமுறை எடுத்து உறுதி செய்வார்கள். அதுதான் உன் இரண்டு செவ்வாய்க்கிழமைகள். இரண்டிலும் குறைந்திருந்தது. விட்டால் எலும்பு பலவீனமாகும், ரத்தம் குறையும், மனசும் சோர்ந்துபோகும். டாக்டர் தோளில் தடவ ஒரு ஜெல் கொடுத்தார். நீ முகர்ந்த ஸ்பிரிட் அதில் இருக்கிறது.

அந்த ஜெல் பெண்கள்மேல் படக்கூடாது. பட்டால் அவர்கள் உடம்பிலும் ஏறும். பரு வரும், முகத்தில் முடி வரும், குரல் தடிக்கும், மாதவிலக்கு நின்றுபோகும். அதனால்தான் அவன் தள்ளித் தள்ளிப் போனான். தன் துணியைத் தானே துவைத்தான். அவன் அவசரத்தில் காய்ந்தும் காயாமலும் போட்ட பனியனை நீ தினமும் எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாய்.

அவன், "அவ சிரிப்பாக்கா, வெளியில தெரிஞ்சா கடையில தலை காட்ட முடியாது" என்று அழுதான். என் தலைமேல் ஆணை என்று சத்தியம் வாங்கினான். தம்பியாயிற்றே என்று இருந்துவிட்டேன். இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். காலண்டரில் புள்ளி இல்லை என்று அவன் பார்த்திருக்கிறான். வேறு மாதிரி நினைத்துவிட்டான். எனக்கு எழுதியும் விட்டான். மறைத்தது போதும் என்றுதான் இதையும் சொல்கிறேன்.

நாளைக்கே டாக்டரிடம் போ.

அண்ணி


மே 21

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு மனசு இல்லை.

பதினாறு பனியன். கடை மெஷினில் போட்டுவிட்டு அது சுற்றுகிறதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தக் கறையைப் பார்த்தாலும் ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பெருமையடித்தவள் நான்.

நீங்கள் நர்ஸ். பரு, முடி என்று நான் எழுதிய பிறகுதான் உங்களுக்கு உறைத்ததா? "பனியனைத் தொடாதே, அது மருந்து" என்று மார்ச்சிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே. தம்பியின் மானம் பெரிதாகப் போய்விட்டது. என் உடம்பு யாருடையது?

அன்றைக்கு அவரும் உங்கள் கடிதத்தோடு சீக்கிரமே வந்தார். இருவரும் சமையலறையில் நின்றோம். "சிரிப்பேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டேன். "பயில்வான்னு கூப்பிடறாங்க. அந்தப் பேரைக் கேட்டாலே உடம்பு கூசுது. நீயும் சிரிச்சிட்டா எங்க போவேன்?" என்றார். சட்டையைக் கழற்றினார். மாரெல்லாம் தொளதொளவென்று இறங்கி, முடி உதிர்ந்து, எட்டு மாதமாக எனக்குக் காட்டாத உடம்பு. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பாவி மனுஷர், இதைச் சொல்ல இவ்வளவு சுற்றா என்றிருந்தது. எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன், அந்த ஒரு நிமிஷம்.

பிறகு அவர் பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். கர்ப்பமா என்று பார்க்கிற கிட்.

"நான் நம்பறேன். சும்மா, மனசு நிம்மதிக்கு" என்றார்.

யார் மனசு நிம்மதிக்கு? நான் அதைத் தொடவில்லை. அன்றிலிருந்து சரியாகப் பேசவும் இல்லை. ஜெல்லை நிறுத்திவிட்டார், இனி அவருக்கு ஊசியாம். நான் தனியாகத்தான் என் டாக்டரிடம் போய் வந்தேன். வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "பனியனைத் துவைக்கச் சொன்னாங்க" என்றேன்.

தம்பி மனைவி


ஜூன் 4

என் தங்கைக்கு,

உன் கோபம் முழுக்க நியாயம். இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு மருந்து கொடுக்கும்போது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். என் தம்பி விஷயத்தில், நீ அந்த வீட்டில் இருக்கிறாய் என்பதை மறந்துபோனேன். மன்னித்துவிடு என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாகத் தெரிகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். அவன் தினமும் எனக்குப் போன் செய்து புலம்புகிறான். அந்த டெஸ்டை எடுத்துக் காட்டிவிடேன். ஐந்து நிமிஷ வேலை. அவன் வாயும் அடைபடும், வீட்டிலும் சண்டை ஓயும். நீ பிடிவாதம் பிடிக்கப் பிடிக்க அவனுக்கு உள்ளே இன்னும் உறுத்துகிறது. டாக்டர் உன்னைப் பற்றி என்ன சொன்னார் என்றாவது எனக்கு எழுது. தூக்கம் வரவில்லை.

அண்ணி


ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

மறுபடி அன்புள்ள என்று எழுத வந்துவிட்டது, அதனால் நீங்கள் தூங்கலாம்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். அந்த ஹார்மோன் என் உடம்பில் இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு ஏறியிருந்தது. இனி தானாக இறங்கிவிடுமாம். பரு போய்விடும், மாதவிலக்கும் ஒழுங்குக்கு வரும், முகவாய் முடியைக் கொஞ்ச காலம் பிடுங்கத்தான் வேண்டும். குரல் மட்டும் பழையபடி திரும்பும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கடையில் வாடிக்கையாளர் ஒருவர் போனில் என்னை "சார்" என்று கூப்பிட்டார். சிரித்துவிட்டு, கழிவறைக்குள் போய் அழுதேன்.

டாக்டரம்மா இன்னொன்றும் செய்தார். தேதி தள்ளிப்போன பெண் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம். கர்ப்பம் இல்லை என்று முத்திரை போட்டுக் காகிதம் கொடுத்திருக்கிறார். மே பதினெட்டாம் தேதியிலிருந்து அது என் கைப்பையில் இருக்கிறது. இதைக் காட்ட ஐந்து நிமிஷம்கூட வேண்டாம், ஒரு நொடி போதும்.

காட்டமாட்டேன்.

நானும் அவரைச் சந்தேகப்பட்டவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. பின்னால் போனேன், ஒளிந்து நின்றேன், பனியனுக்குச் சீட்டுக் கட்டினேன். ஆனால் அது மருந்து என்று தெரிந்த நிமிஷமே விட்டுவிட்டேன். லேப் சீட்டைக் காட்டு என்று அவரிடம் கேட்கவில்லை. சொன்னார், நம்பினேன். அவருக்கும் அதே உண்மை, அதே தபாலில், அவருடைய சொந்த அக்கா கையெழுத்தில் வந்தது. அதைப் படித்த பிறகுதான் மருந்துக் கடைக்குப் போய் அந்தப் பெட்டியை வாங்கியிருக்கிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பெட்டி இப்போது அலமாரி மேல்தட்டில், பிரிக்காமல் இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது ஒருதரம் அதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். ஊசி போட்டுக்கொண்டு வந்த நாளன்று கை வலிக்கிறது என்றார், ஒத்தடம் கொடுத்தேன். தோளைத் தொட்டேன். வெறுப்பு இல்லை அண்ணி. அந்த மனுஷர் எனக்கு வேண்டும். என்னை நம்பும் மனுஷராக வேண்டும்.

அந்தப் பெட்டியை அவராக எடுத்துக் குப்பையில் போடட்டும். எத்தனை நாள் ஆனாலும் பார்க்கிறேன். அதற்குள் நீங்கள் அவரிடம் இந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. போனில் அழுதாலும், உங்கள் தலைமேல் ஆணை என்று கேட்டாலும் சொல்லக்கூடாது. தம்பிக்காக அத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தீர்கள். இப்போது எனக்காக இருங்கள்.

உங்கள் தங்கை